பாலை நகரில் மனையும் நீரும்

தமிழ் இலக்கண நூலார் நிலத்தை நான்காகப் பகுத்துப் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்காது விட்டனர். மழை பொய்த்து வளங்குன்றிய நிலமே பாலை என்பது அவர் கொண்ட கருத்து. ஆயின் மழை பொய்த்தாலும் பொய்க்காவிட்டாலும் என்றும் பாலையாகவே கிடக்கும் நிலங்கள் உலகில் உண்டு. அவற்றின் நடுவே இலட்சக்கணக்கானோர் குடியிருக்கும் மாநகரங்களும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகராகிய பீனிக்ஸ் அவற்றுள் ஒன்று.

அந்நகரில் ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை ஏழு அங்குலத்துக்குச் சற்றே அதிகம். 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 பாகை பரனைட்டுக்குக் குறையாமல் ஏறியது. இத்தகைய இடத்தில் 1950ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்தனர்; 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இவ்வளவு பேரும் மனை வாங்கி வீடு கட்டியது எந்த விதிகளின் கீழ் என்பதை ஆராய்ந்தால், காணி பற்றிய சட்டமும் நீர் பற்றிய சட்டமும் அங்கே ஒரே கயிற்றின் இரு புரிகளாகப் பின்னிக் கிடப்பது தெரியவரும். ஒரு புரியை மட்டும் பற்றிக்கொண்டு வீடு கட்டியவர்கள் பட்ட பாடு பின்னர் வரும்.

பாலையில் நகரம் தோன்றியதே வாய்க்காலால்தான். ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள், உப்பாறு என்று பொருள்படும் சோல்ற் ஆற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தனர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் அவ்வாய்க்கால்கள் கைவிடப்பட்டுத் தூர்ந்தன. 1867ஆம் ஆண்டில் ஜாக் சுவிலிங் என்பவர் ஒரு கூட்டத்தாருடன் வந்து அந்தப் பழைய தடங்களின் வழியே மீண்டும் நீரை ஓடவிட்டார். அழிந்த ஊரின் மேல் புதிய ஊர் எழுந்தமையால், சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை அதற்கு இட்டனர்.

1903ஆம் ஆண்டில் அப்பகுதி நிலச் சொந்தக்காரர்கள் தம் காணிகளையே ஈடாக வைத்து மத்திய அரசிடம் கடன்பெற்று அணை கட்ட உடன்பட்டனர். 1911ஆம் ஆண்டில் உரூஸ்வெல்ற் அணை கட்டி முடிந்தது. கடன்பட்டது காணியாதலின், நீருரிமையும் காணியோடு சேர்ந்தது. காணி கைமாறினாலும் அவ்வுரிமை நிலத்தைவிட்டு நீங்குவதில்லை. வயல்கள் வீட்டு மனைகளாக மாறிய பின்னரும் இவ்வழக்கம் பல தெருக்களில் நிலைத்துவிட்டது. அத்தகைய வளவுகளைச் சுற்றி அரையடி உயர வரம்பு இருக்கும். முறை வரும்போது வாய்க்கால் நீரைத் திறந்துவிட்டு வளவு முழுவதையும் குளம்போல் நிரப்புவர். முறை நள்ளிரவிலும் வரும். அலுவலகத்தில் எழுதுவினைஞராய் இருப்பவர் இரவு இரண்டு மணிக்கு இறப்பர்ச் சப்பாத்தும் கைவிளக்குமாக எழுந்து சென்று மதகு திறப்பது அங்கே விநோதமன்று. பெரிய வாய்க்கால்களில் நீரைப் பங்கிட்டு விடுபவரைச் சஞ்சேரோ என்று ஸ்பானியச் சொல்லால் அழைப்பர். நம் வயற்பகுதிகளில் வட்டவிதானையார் செய்துவந்த வேலைக்கு அது மிக நெருங்கியது.

இனி, வீடு கட்டும் விதிக்கு வருவோம். நகரத்தை வலயங்களாகப் பிரித்து, இன்ன வலயத்தில் இன்னதே கட்டலாம் என்று வரையறுக்கும் முறை நியூயோர்க் நகரில் 1916ஆம் ஆண்டில் விரிவான சட்டமாயிற்று. தம் காணியில் தாம் விரும்பியதைக் கட்டுவதைத் தடுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டா என்ற வழக்கு 1926ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒகையோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் சிற்றூர் தொடர்பான அவ்வழக்கில், அதிகாரம் உண்டு என்றே தீர்ப்பாயிற்று. கேத்திரகணித ஆசிரியரின் பெயர் கொண்ட ஊர் தேசத்தையே சதுரங்களாகப் பிரித்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பீனிக்ஸ் 1930ஆம் ஆண்டில் தன் முதல் வலயச் சட்டத்தை இயற்றியது.

அச்சட்டத்தின் மொழி முதலில் அச்சமூட்டும். வலய வரைபடத்தில் ஒரு தெருவின்மேல் ஆர்-1-6 என்று எழுதியிருக்கும். வேறொரு தெருவில் ஆர்-1-10 என்றும், புறநகரில் ஆர்-ஈ-35 என்றும் காணப்படும். முதலெழுத்து குடியிருப்பைக் குறிக்கும். கடைசியில் நிற்கும் எண், மனை குறைந்தது எத்தனை ஆயிரஞ் சதுர அடி இருத்தல் வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆறு என்றால் ஆறாயிரஞ் சதுர அடி, அதாவது ஏறக்குறைய 22 பேர்ச். முப்பத்தைந்து என்றால் அது முக்கால் ஏக்கரைத் தாண்டிய வளவு. எண்ணை வீட்டின் அளவென்று மயங்குவோர் பலர். வீட்டின் அளவை வேறு விதிகள் கட்டுப்படுத்தும்: எல்லையிலிருந்து எத்தனை அடி விட்டுக் கட்ட வேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம், மனையில் நூற்றுக்கு எத்தனை பங்கைக் கூரை மூடலாம் என்பன அவை. எஸ்-1 என்று குறித்த இடங்கள் பண்ணை வீடுகளுக்குரியவை. சட்டம் வருமுன்னரே இருந்த கட்டடம் புதிய விதிக்கு மாறாயினும் இடிக்கப்படுவதில்லை. ஆனால் அதைப் பெருப்பிக்க முயன்றால்தான் தடை எழும். பழைய வீடு வாங்குவோர் இதனை அறியாது பணத்தைக் கொடுத்துவிடுவதுண்டு.

எல்லையிலிருந்து விடவேண்டிய அந்த வெளியைப் பற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். மழை மிகுந்த கிழக்குப் பகுதி ஊர்களில் முன்வளவில் புல் வளரும், மரம் நிழல் தரும். அவ்வூர்களின் வழக்கமே சட்டமாகிப் பாலைக்கும் வந்து சேர்ந்தது. பாலையிலோ வீட்டைச் சுற்றிய வெற்றிடம் வெயிலை வாங்கிச் சேர்க்கும் தரையாகிறது. அங்கு முன்னர் வாழ்ந்தோர் இவ்வாறு கட்டவில்லை. பீனிக்சுக்குத் தென்கிழக்கே உள்ள தூசோன் நகரத்தின் பழைய மெக்சிக்கக் குடியிருப்புகளில், வெயிலிற் காயவைத்த மண்கல்லால் எழுப்பிய தடித்த சுவர்கள் தெருவின் ஓரத்திலேயே நிற்கும். பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். வெளி முழுவதும் உள்ளே முற்றமாய் அமையும். ஒரு வீட்டின் சுவர் மற்ற வீட்டின் சுவரை வெயிலினின்றும் காத்தது. முன்வளவு விடவேண்டும் என்னும் விதியின்கீழ் அத்தகைய வீட்டைப் புதிதாக எழுப்ப முடியாது போயிற்று. 1960களின் பிற்பகுதியில் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் தூசோனின் அப்பகுதியில் ஏறக்குறைய 80 ஏக்கர் தரைமட்டமாக்கப்பட்டது. எஞ்சி நின்ற வீடுகளைப் பின்னர் வரலாற்றுச் சின்னங்களாகப் போற்றி, அவற்றுக்கென வேறு விதிகள் செய்தனர். இடிக்குமுன் யோசித்திருக்கலாம்.

வலயச் சட்டம் நகரசபையினுடையது. ஆனால் வீட்டு உறுதியிலேயே எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் வேறு. காணியைப் பிரித்து விற்றவர் விதித்த நிபந்தனைகள் அவை. குடியிருப்போர் சங்கங்கள் அவற்றை நடைமுறைப்படுத்தும். சுவருக்குப் பூசும் நிறம் முதல் வாகனம் நிறுத்தும் இடம் வரை அவை பேசும். நகரசபை அனுமதித்ததை உறுதி தடுக்கலாம். உறுதி அனுமதித்ததை நகரசபை தடுக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

இவ்வுறுதிகளுக்கு ஓர் இருண்ட வரலாறும் உண்டு. 1887ஆம் ஆண்டில் பீனிக்சுக்கு இரயில் பாதை வந்தது. 1891ஆம் ஆண்டின் வெள்ளத்துக்குப் பின்னர் வசதியுள்ளோர் வடக்கே மேட்டுநிலத்துக்குச் சென்றனர். பாதைக்குத் தெற்கே மெக்சிக்க வமிசத்தாரும் கறுப்பின மக்களும் எஞ்சினர். வடக்கே எழுந்த புதிய மனைகளின் உறுதிகளில், வெள்ளையர் அல்லாதார் இங்கே குடியிருக்கலாகாது என்று எழுதிவைத்தனர். 1948ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாதெனத் தீர்த்தது. வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய சட்டம் 1968இல்தான் வந்தது. இதற்கிடையில் தெற்குப் பகுதியில் வீடுகளின் அருகே தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. எழுதியவர் இறந்தபின்னும் விதி வாழும் என்பதற்கு அப்பகுதியின் வெயிலே சான்று: அங்கே மரம் குறைவு, வெப்பம் அதிகம். நகரசபை 2010ஆம் ஆண்டில் ஒரு நிழல் திட்டம் வகுத்து, 2030க்குள் நகரின் நாலில் ஒரு பங்குக்கு நிழல் வேண்டுமென்று குறி வைத்தது. குறி வைப்பதும் மரம் வைப்பதும் ஒன்றல்லவே. 2024ஆம் ஆண்டில் அதன் இடத்தில் வேறொரு திட்டம் வந்தது.

விதி பிடிக்கவில்லையெனில் மாற்றக் கேட்கலாம். சிறு விலக்கு வேண்டுமாயின், நியாயசபை போன்ற ஒரு குழுவின்முன் விண்ணப்பிக்க வேண்டும். நிலத்தின் வடிவோ மேடுபள்ளமோ காரணமாக, அண்டை வீட்டார் அனுபவிக்கும் உரிமை தமக்குக் கிட்டவில்லை என்று காட்டினால் விலக்குக் கிடைக்கலாம். செலவு அதிகமாகும் என்பது காரணமாகாது. தாமே தேடிக்கொண்ட இடரும் காரணமாகாது. வலயத்தையே மாற்ற வேண்டுமாயின் வழி நீளமானது. காணியில் அறிவித்தற் பலகை நாட்ட வேண்டும். நகரம் 15 நகரக் கிராமங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தந்தக் கிராமக் குழு விண்ணப்பத்தைக் கேட்டு ஆலோசனை கூறும். பின்னர் திட்டமிடல் ஆணைக்குழு, அதன்பின் நகரசபை. அத்துடனும் முடிவதில்லை. அரிசோனாவில் வலய மாற்றம் சட்டம் இயற்றுவதற்கு ஒப்பானதாகக் கருதப்படுவதால், போதிய கையொப்பம் சேர்த்தால் அதனை வாக்கெடுப்புக்கு விடலாம். 2023 மே மாதத்தில் அயல்நகராகிய டெம்பியில், விளையாட்டரங்கும் ஏறக்குறைய ஈராயிரம் குடியிருப்புகளும் கொண்ட பெருந்திட்டத்தை வாக்காளர் நிராகரித்தனர்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2006ஆம் ஆண்டில் அரிசோனா வாக்காளர் 207ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினர். காணி வாங்கியபின் வரும் புதிய விதியால் அதன் பெறுமதி குறைந்தால், சொந்தக்காரருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். உரிமையைக் காக்கும் நல்ல ஏற்பாடாகவே அது தோன்றும். ஆயினும், ஒரு முறை தவறாக அனுமதித்ததைப் பின்னர் திருத்தச் சபைகள் அஞ்சுகின்றன. வலய மாற்றம் கேட்டு வருவோரிடம், நட்டஈடு கோரமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதும் வழக்கமாகிவிட்டது.

நீரைப் பற்றிய பெருஞ்சட்டம் 1980ஆம் ஆண்டில் வந்தது. கொலராடோ ஆற்று நீரை மலைகளின் மேலாக 336 மைல் கொண்டுவரும் மத்திய அரிசோனாக் கால்வாய்க்குத் திறைசேரி பணம் கொடுக்க வேண்டுமானால், முதலில் நிலக்கீழ் நீரைக் கண்டபடி இறைப்பதை நிறுத்துங்கள் என்று மத்திய அரசு கண்டிப்பாகக் கூறியது. அதன் பயனாக, பீனிக்ஸ் உட்படச் சில பகுதிகள் கட்டுப்பாட்டு வலயங்களாயின. அவற்றுள் புதிதாக நிலம் திருத்திப் பாசனம் செய்தல் தடைப்பட்டது. வீட்டு மனைகளைப் பிரித்து விற்போர், அங்கே நூறாண்டுக்குப் போதிய நீர் உண்டென்று மாநில நீர்த்திணைக்களத்துக்குக் காட்டிச் சான்றிதழ் பெற வேண்டுமென்று விதிக்கப்பட்டது. நூறாண்டு என்னும் இவ்விதிக்கு நிகரானவை உலகில் அரிது.

ஆயினும் சட்டத்தின் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆறு துண்டுகளும் அதற்கு மேலும் பிரித்தாலே அது மனைப்பிரிவு எனப்படும். ஐந்து துண்டாகப் பிரித்தால் அது மனைப்பிரிவு அன்று; நூறாண்டு நீரைக் காட்ட வேண்டியதில்லை. எனவே ஒருவர் தம் காணியை ஐந்தாகப் பிரித்து விற்பார். வாங்கியவர் தம் துண்டை மீண்டும் பிரிப்பார். விதியின் எழுத்து மீறப்படாமலே ஓர் ஊர் எழுந்துவிடும். எவ்வாறாயினும், நகர எல்லைக்கு வெளியே இவ்வாறு காணி விற்பவர், நீர் எங்கிருந்து வரும் என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் சத்தியஞ்செய்து தெரிவிக்க வேண்டும். அத்தாளை வாசிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

பீனிக்சின் வடகிழக்கே, ஸ்கொட்ஸ்டேல் நகர எல்லைக்கு வெளியே, ரியோ வேர்டே புட்ஹில்ஸ் என்னும் குடியிருப்பு இவ்வாறுதான் வளர்ந்தது. குதிரை வளர்க்க இடம், மலைக் காட்சி, குறைந்த வரி, தொல்லை கொடுக்க நகரசபை இல்லை. சிலருக்குக் குழாய்க்கிணறு இருந்தது. அவற்றுள் சில வற்றின. நூற்றுக்கணக்கான வீட்டார், ஸ்கொட்ஸ்டேல் நகரின் குழாய் நிலையத்தில் பவுசர் லொறிகள் நிரப்பிவந்த நீரை நிலத்தடித் தொட்டிகளில் சேமித்து வாழ்ந்தனர். நீரை எவரும் அவர்களுக்கு நிரந்தரமாக வாக்களிக்கவில்லை. வழக்கம் உரிமைபோல் தோன்றியது.

2021 ஓகஸ்ட் மாதத்தில் கொலராடோ ஆற்றுக்கு வரலாற்றில் முதன்முறையாகத் தட்டுப்பாடு பிரகடனம் செய்யப்பட்டது. ஸ்கொட்ஸ்டேல் நகரசபை தன் குடிகளுக்கே நீரைக் காக்க வேண்டுமென்று கூறி, வெளியாருக்கு விற்பதை நிறுத்தப் போவதாக முன்னறிவித்தல் கொடுத்தது. குடியிருப்பில் ஒரு பகுதியார் தமக்கெனப் பொது நீர்ச்சபை அமைக்க முயன்றனர். அயலாருள் வேறு பகுதியார், சபை வந்தால் வரியும் அதிகாரமும் வரும் என்று எதிர்த்தனர். 2022 ஓகஸ்டில் மாவட்ட நிர்வாகம் அம்முயற்சியை மறுத்தது. அதிகாரத்தை விட்டு விலகி வந்தவர்கள், அதிகாரம் தேவைப்பட்ட நாளில் அதனை ஏற்படுத்த ஒருமிக்கவில்லை.

2023 சனவரி முதலாந் திகதி நகரின் நீர் நின்றது. லொறிக்காரர் தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்தமையால் விலை பன்மடங்கு ஏறியது. பெரிய பெறுமதி வாய்ந்த வீடுகளில் வாழ்ந்தோர் கடுதாசித் தட்டில் உண்டனர். மழைநீரை வாளியில் பிடித்து மலகூடத்துக்கு ஊற்றினர். குளிப்பதற்கு உடற்பயிற்சி நிலையங்களுக்குச் சென்றனர். நீதிமன்றத்தை நாடினர், இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஸ்கொட்ஸ்டேல் நகரைக் கொடுமை என்று சொல்வதும் எளிதன்று. தன் எல்லைக்குள் வரி கொடுப்போரை முதலிற் காப்பது அதன் கடமை. அதே நகரம், அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதிக்குப் பின் அனுமதி பெறும் தனிவீடுகளின் முன்வளவில் இயற்கைப் புல் வளர்ப்பதையும் தடுத்தது.

2023 யூன் மாதத்தில் இன்னொரு செய்தி வந்தது. பீனிக்ஸ் பகுதியில் அடுத்த நூறாண்டில் நிலக்கீழ் நீருக்கு எழும் தேவையில் நூற்றுக்கு நான்கு பங்கு, அதாவது 48 இலட்சத்து 60 ஆயிரம் ஏக்கர் அடி நீர் போதாமற் போகும் என்று மாநிலத்தின் கணிப்புக் காட்டியது. நிலக்கீழ் நீரை மட்டும் நம்பிப் புதிய மனைப்பிரிவுகளுக்குச் சான்றிதழ் வழங்குவதை மாநிலம் நிறுத்தியது. முன்னரே சான்றிதழ் பெற்ற ஏறக்குறைய 80,000 மனைகளுக்குப் பாதிப்பில்லை. 2025ஆம் ஆண்டில், வயலுக்கு இறைக்கும் உரிமையைக் கைவிட்டால் அதிலொரு பகுதியைக் கொண்டு அந்நிலத்தில் வீடு கட்டலாம் என்று மாநிலம் புதிய சட்டம் செய்தது. வயலுக்குச் செல்லும் நீரிலும் வீட்டுக்குச் செல்லும் நீர் குறைவு என்பதே அதன் கணக்கு.

புறநகர் பரவுவது இவ்வாறு தடைப்படும்போது, உள்ளே இருக்கும் வளவுகளில் நெருக்கமாய்க் கட்டுவதே மீதியான வழி. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 75,000 பேருக்கு மேற்பட்ட நகரங்கள், தனிவீட்டு வளவில் சிறு துணைவீடு கட்ட அனுமதித்தல் வேண்டும். பெரிய வீட்டின் முக்கால் அளவு அல்லது ஆயிரஞ் சதுர அடி, இரண்டில் குறைந்தது எதுவோ அதுவே அதன் எல்லை. பக்கத்திலும் பின்னாலும் ஐந்து அடிக்குமேல் வெளி விடும்படி நகரம் வற்புறுத்தலாகாது. முதிய தாய்தந்தையர்க்கு ஓர் அறை, வாடகைக்கு ஓர் அறை என்று பலர் கருதினர். ஆயினும் உறுதியிலே தடையிருந்தால் குடியிருப்போர் சங்கம் குறுக்கே நிற்கலாம்.

ரியோ வேர்டே மக்களுக்கு ஆறு மாதத்துக்குப் பின் இடைக்கால நிவாரணம் கிடைத்தது. 2023 யூனில் இயற்றிய சிறப்புச் சட்டம், அவர்களுக்கெனத் தற்காலிக நீர்ச்சபை ஒன்றை ஏற்படுத்தி, வேறிடத்தில் வாங்கிய நீரை 2025 முடியும்வரை தன் குழாய்களின் வழியே கொடுக்குமாறு ஸ்கொட்ஸ்டேல் நகரைப் பணித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், பின்வரும் காலத்துக்கு நீர் வழங்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாநில ஆணைக்குழு அனுமதியளித்தது. புதிய நிலையம் எழும்வரை லொறிகள் மீண்டும் பழைய நிலையத்துக்கே சென்று, வரிசையில் நின்று, நீர் நிரப்பிக்கொண்டு மலையடிவாரத்து மண்பாதைகளில் ஏறின.